காணாமல் போன முப்பது ஓம்

புளியங்குடியில், மதுரை–தென்காசி சாலையோரத்தில் இருக்கும் ஒரு மோட்டார் வைண்டிங் கடையில் ஒரு கணக்கு உதைத்தது. எலுமிச்சைத் தோட்டத்துக் கிணற்றிலிருந்து கழற்றி வந்த 5 குதிரைத்திறன் மோட்டார் அது. தகட்டில் 3.7 கிலோவாட், 415 வோல்ட், 7.5 ஆம்பியர் என்று பொறித்திருந்தது. மூன்று காயில்களும் ஸ்டார் முறையில் உள்ளேயே இணைக்கப்பட்டிருந்ததால் ஒரு காயிலுக்குக் கிடைப்பது 415-ஐ 1.732-ஆல் வகுத்த 240 வோல்ட். அந்த 240-ஐ 7.5-ஆல் வகுத்தால் 32 ஓம். பத்தாம் வகுப்புப் பாடம்தான்.

மல்டிமீட்டரின் இரு முனைகளையும் மோட்டாரின் இரண்டு வயர்களில் வைத்தால் 4 ஓம் காட்டியது. இரண்டு காயில் வரிசையாக நிற்பதால் ஒன்றுக்கு 2 ஓம். கணக்கு சொல்வது 32, மீட்டர் சொல்வது 2. இடையில் முப்பது ஓம் எங்கே போனது?

கடைக்காரர் நாற்பது வருடமாகக் காயில் கட்டுகிறவர். அவருக்கு இது ஒரு கேள்வியாகவே படவில்லை. "ஓம்ஸ வச்சி இதுக்குக் கணக்குப் பாக்கப்படாது சார். மூணு காயிலும் ஒண்ணுபோலக் காட்டுதான்னு மட்டும் பாக்கணும். அம்புட்டுத்தான்" என்றார். கொஞ்சம் பொறுத்து அவரே இன்னொன்றும் சொன்னார்: "வோல்ட் எறங்குனா ஆம்ஸ் ஏறும். அதுலதான் காயிலு கருகுது."

முதல் பேச்சைக் காட்டிலும் இரண்டாவது எனக்குப் பெரிய தலைவலி. மின்னழுத்தம் குறைந்தால் மின்னோட்டமும் குறைய வேண்டும் என்பதுதான் ஓமின் விதி. புளியங்குடி, வாசுதேவநல்லூர், சங்கரன்கோவில் பக்கத்துக் கிணறுகளில் எல்லாம் அது தலைகீழாக நடக்கிறது, எல்லாருக்கும் அது தெரியும், யாருக்கும் அதில் வியப்பில்லை. பழைய தொழில்நுட்ப ஆவணங்களைத் தேடுவது என் வேலை. ஓம் உண்மையில் எதை அளந்தார், எதை அளக்கவில்லை என்று மூலத்திலேயே பார்த்துவிட முடிவு செய்தேன்.

அதற்கு முன்னால் கடையிலேயே சில சந்தேகப் பேர்வழிகளை விலக்க வேண்டியிருந்தது. 1000 வாட் அயர்ன் பாக்ஸ் ஒன்று கிடந்தது. 230 வோல்ட்டில் அது 4.35 ஆம்பியர் எடுக்கும். வகுத்தால் 53 ஓம். மீட்டரும் ஏறத்தாழ அதையே காட்டியது. ஆக மீட்டர் மேல் குற்றமில்லை, வகுத்தல் மேலும் குற்றமில்லை. அடுத்தது 60 வாட் குண்டு பல்பு. 230-இன் வர்க்கத்தை 60-ஆல் வகுத்தால் 882 ஓம் வர வேண்டும். அணைந்து ஆறிய பல்பில் மீட்டர் காட்டுவது அறுபது, எழுபது. இங்கேயும் ஓம் காணாமல் போயிருக்கிறது, ஆனால் காரணம் தெரிந்ததே: எரியும்போது டங்ஸ்டன் இழை இரண்டாயிரத்து ஐந்நூறு டிகிரி அளவுக்குச் சூடாகிறது, மின்தடை பதின்மூன்று மடங்கு ஏறிவிடுகிறது. அயர்ன் பாக்ஸின் நிக்ரோம் கம்பி இப்படிக் குணம் மாறாது, அதனால்தான் அது யோக்கியமாக நின்றது.

அப்படியானால் மோட்டாரிலும் சூடுதான் காரணமா? தாமிரத்தின் மின்தடை ஒரு டிகிரிக்கு 0.39 விழுக்காடு ஏறும். காயில் 80 டிகிரி கூடுதலாகச் சூடேறினாலும் 2 ஓம் 2.6 ஆகுமே தவிர 32 ஆகாது. சூட்டை விட்டுவிட வேண்டியதுதான்.

ஓமின் பெயரைச் சொன்னால் எல்லாரும் 1827-ஆம் ஆண்டு பெர்லினில் வந்த அவருடைய நூலைத்தான் கைகாட்டுவார்கள். அது கணிதம் நிறைந்த நூல். அளவீடுகள் அதற்கு முந்தைய ஆய்வுத்தாள்களில் இருக்கின்றன. கியார்க் சைமன் ஓம் அப்போது கொலோன் நகரத்துப் பள்ளிக்கூட ஆசிரியர். 1825-இல் அவர் அச்சிட்ட முதல் விதி தவறு! கம்பியின் நீளத்துக்கும் விசைக்கும் மடக்கைத் தொடர்பு இருப்பதாக எழுதினார். ஏன் தவறியது என்று பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் பயன்படுத்திய மின்கலம், கம்பியை இணைத்ததும் தளர்ந்து, அழுத்தம் இறங்கிக்கொண்டே இருந்தது. நம்மூர்க் கடைக்கோடிக் கிணற்றின் லோ வோல்டேஜ் ஓமின் மேசையிலும் இருந்திருக்கிறது.

வழி சொன்னவர் பொகென்டார்ஃப் என்ற இயற்பியலாளர். மின்கலத்தை விட்டுவிட்டு, வெப்பத்தால் மின்சாரம் தரும் பிஸ்மத்–தாமிர இணைப்பைப் பயன்படுத்தச் சொன்னார். ஒரு முனை கொதிக்கும் தண்ணீரில், மறுமுனை பனிக்கட்டியில். தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும் வரை, பனி உருகிக்கொண்டிருக்கும் வரை அழுத்தம் அசையாது. 1826 ஜனவரியில் ஓம் எட்டுத் தாமிரக் கம்பிகளை மாற்றி மாற்றி இணைத்தார். நீளம் 2, 4, 6, 10, 18, 34, 66, 130 அங்குலம். தொங்கவிட்ட காந்த ஊசி எவ்வளவு விலகுகிறது என்பதை அதன் தொங்கிழையை முறுக்கித் திருப்பிய அளவால் குறித்தார். ஜனவரி 8-ஆம் நாள் வரிசையில் 2 அங்குலத்துக்கு 326¾, 34 அங்குலத்துக்கு 134½, 130 அங்குலத்துக்கு 48½.

இதற்கு அவர் பொருத்திய சூத்திரம், ஒரு மாறா எண்ணைக் கம்பியின் நீளத்தோடு இன்னொரு மாறா எண்ணைக் கூட்டி வகுப்பது. 7285-ஐயும் 20¼-ஐயும் போட்டு நானே கணக்கிட்டுப் பார்த்தேன். 2 அங்குலத்துக்கு 327.4 வருகிறது, 34-க்கு 134.3, 130-க்கு 48.5. விழுக்காட்டில் பார்த்தால் எட்டில் மிகவும் பிசகுவது 66 அங்குலக் கம்பிதான்; 84.5 வர வேண்டிய இடத்தில் அவர் கண்டது 83¼. இருநூறு வருடத்துக்கு முந்தைய பள்ளிக்கூட அறையில், ஊசியைக் கண்ணால் பார்த்து எடுத்த அளவு இது!

கவனித்துப் பாருங்கள், இந்தத் தாளில் வோல்ட் இல்லை, ஆம்பியர் இல்லை, ஓம் என்ற அலகும் இல்லை. ஐ.டி.ஐ. மாணவர்கள் நோட்டில் வரையும் V, I, R முக்கோணமும் இல்லை. இருப்பது மாறாத அழுத்தம், நேரான கம்பி, நிலையாக ஓடும் ஒரே திசை மின்னோட்டம். சுழலும் பொருள் எதுவும் அந்த மேசையில் கிடையாது. ஓம் புளியங்குடி மோட்டாரைப் பற்றி எந்த வாக்குறுதியும் தரவில்லை என்பது இத்தோடு உறுதியாயிற்று.

ஆனால் ஒரு சந்து மிச்சமிருந்தது. ஓம் கம்பியின் நீளத்தைத்தான் மாற்றினார். ஒரே பொருளில் மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைத்தால் அதன் மின்தடை மாறுமா? இதை முதலில் யார் சோதித்தது என்று தேடிப் போனபோது தடம் முன்னோக்கிப் போகாமல் பின்னோக்கிப் போய், 1781-இல் கொண்டுபோய் நிறுத்தியது. என்னைக் கேட்டால் மின்னியல் வரலாற்றில் இதைவிடச் சுவையான ஆவணக் கதை கிடையாது.

ஹென்றி கேவென்டிஷ் பெரும் பணக்காரர், அதைவிடப் பெரிய கூச்சக்காரர். மின்சாரத்தைப் பற்றி 1771-இலும் 1776-இலும் இரண்டே கட்டுரைகள் அச்சிட்டார். இரண்டாவதில், இரும்புக் கம்பி மழைத் தண்ணீரைவிட 40 கோடி மடங்கு நன்றாக மின்சாரத்தைக் கடத்துகிறது என்று எழுதிவிட்டு, எப்படி அளந்தேன் என்று சொல்லாமலே போய்விட்டார். 1810-இல் இறந்தார். குறிப்பேடுகள் டெவன்ஷயர் பிரபுவின் குடும்பத்தில் தங்கின. 1874-இல் அவை ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் கைக்கு வந்தன. தன் வாழ்நாளின் கடைசி ஐந்து ஆண்டுகளில் பெரும்பகுதியை மேக்ஸ்வெல் அந்தத் தாள்களுக்குக் கொடுத்தார். 1879-இல் நூல் வெளிவந்தது. அதே ஆண்டு நவம்பரில் அவர் காலமானார்.

இணையத்தில் அந்த நூலின் வருடல் பிரதி கிடைக்கிறது. கேவென்டிஷிடம் மின்னோட்டத்தை அளக்கும் கருவி எதுவும் இல்லை. கால்வனோமீட்டர் பிறக்கவே இன்னும் நாற்பது வருடம் இருந்தது. அதனால் தன் உடம்பையே மீட்டராக்கிக்கொண்டார். உப்புக் கரைசல் நிரப்பிய கண்ணாடிக் குழாய்கள் வழியாக லெய்டன் ஜாடியின் மின்னூட்டத்தைத் தன் கைகளில் வாங்கி, இரண்டு குழாய்களில் எதில் அதிர்ச்சி பலம் என்று ஒப்பிட்டார். குழாய்க்குள் செருகிய கம்பியை இழுத்தும் தள்ளியும் இரண்டு அதிர்ச்சியும் சமமாகும்வரை சரிசெய்தார். 1781 ஜனவரியில் அகலக் குழாய், குறுகிய குழாய் இரண்டிலும் ஒரே கரைசலை வைத்து, மின்சாரம் ஓடும் வேகத்தின் எந்த அடுக்குக்கு ஏற்ப எதிர்ப்பு கூடுகிறது என்று பார்த்தார். நான்கு வரிசைகளில் அவருக்குக் கிடைத்த அடுக்குகள் 1.08, 1.03, 0.976, 1.00. அதாவது அடுக்கு ஒன்று. அழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்தால் கிடைப்பது ஓட்டம் எவ்வளவானாலும் மாறவில்லை. ஓமுக்கு நாற்பத்தைந்து வருடம் முன்னால், கைகளில் சுளீரென்று வாங்கிய அதிர்ச்சியை மட்டும் நம்பிக் கண்டது இது.

மேக்ஸ்வெல்லாலும் இதை நம்ப முடியவில்லை. கேம்பிரிட்ஜ் ஆய்வகத்தில் அதே சோதனையைத் திரும்ப நடத்தினார். வந்தவர் போனவர் எல்லாரும் அகப்பட்டார்கள். ஒரு இளம் அமெரிக்க வானியலாளர் அவரைப் பார்க்கவென்றே கேம்பிரிட்ஜ் வந்திருக்கிறார். மேக்ஸ்வெல் கேவென்டிஷைத் தவிர வேறெதையும் பேசாமல், கோட்டைக் கழற்றச் சொல்லி, தண்ணீர்ப் பாத்திரங்களில் கையை விடச் சொல்லி, அதிர்ச்சி கொடுத்து அனுப்பினாராம். அந்த மனிதர் அதைக் கடுப்போடு சொல்லித் திரிந்ததை இயற்பியலாளர் ஆர்தர் ஷூஸ்டர் எழுதி வைத்திருக்கிறார்.

ஆக, சாதாரணக் கடத்தியில் மின்தடை ஓட்டத்துக்கேற்ப மாறுவதில்லை என்பதற்கு இரண்டு சாட்சி ஆயிற்று. மோட்டாரின் தாமிரக் காயிலும் சாதாரணக் கடத்திதான். அதன் 2 ஓம் 2 ஓமாகவேதான் இருக்கிறது. அப்படியானால் அந்த முப்பது, தாமிரத்தில் இல்லவே இல்லை.

இடையில் ஒரு கிளைத்தடம். வோல்ட்டை ஆம்பியரால் வகுப்பது எப்போது அன்றாட வேலையாயிற்று? ஆய்வகத்தைவிடத் தந்திக் கம்பிதான் அதற்குக் காரணம். 1861-இல் பிரிட்டிஷ் சங்கம் மின்தடைக்கு ஒரு பொது அலகு வேண்டுமென்று குழு அமைத்தது. 1881-இல் பாரிஸ் மாநாட்டில் வோல்ட், ஓம், ஆம்பியர் மூன்றும் உலகப் பொதுவாயின. வாட் என்ற அலகை 1882-இல் வில்லியம் சீமென்ஸ் முன்மொழிந்தார். இந்தியாவில் இந்தத் தடத்தின் முக்கியப் புள்ளி லூயி ஷ்வெண்ட்லர். ஜெர்மனியில் பிறந்து இந்தியத் தந்தித் துறையில் மின்வல்லுநராக இருந்தவர், கல்கத்தா அலிப்பூர் மிருகக்காட்சி சாலை உருவாவதிலும் கைகொடுத்தவர். தந்தி வழிகளைச் சோதிப்பதற்கு அவர் எழுதிய வழிகாட்டி நூல் 1870-களின் கடைசியில் வந்தது. கம்பியின் மின்தடையை அளந்து, பழுது எந்தத் தொலைவில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் கலை அது. எங்கோ மரக்கிளை விழுந்து கம்பி மண்ணைத் தொட்டால், அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே எத்தனையாவது மைலில் என்று சொல்லிவிடலாம். ஆனால் ஷ்வெண்ட்லரின் கம்பிகளும் சுழலவில்லை. என் முப்பது ஓம் அங்கேயும் இல்லை.

சுழலும் இயந்திரத்தைத் தேடினால் முதலில் எதிர்ப்படுபவர் மோரிட்ஸ் ஜேகோபி. 1838-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நேவா ஆற்றில் மின்மோட்டார் படகு ஓட்டியவர். மோட்டாரைப் பிடித்து நிறுத்தினால் மின்கலத்திலிருந்து ஓட்டம் பெருகுகிறது, சுழல விட்டால் குறைகிறது. சுழலும்போது மோட்டாரே ஒரு ஜெனரேட்டர் போல எதிர்த்திசையில் அழுத்தம் உண்டாக்குகிறது. 1834-இல் லென்ஸ் சொன்ன விதியின் வேலை அது. எதிர் மின்னியக்கு விசை என்று பாடப்புத்தகத்தில் இருப்பது இதுதான். இதைப் படித்ததும் கடைக்குத் திரும்பினேன்.

"அண்ணாச்சி, மோட்டார் ஜாம் ஆனா எத்தன ஆம்ஸ் எடுக்கும்?"

"அஞ்சு ஹெச்பின்னா நாப்பத்தஞ்சு போகும். ரிலே தட்டலன்னா காயிலு அவுட்டு."

7.5-இன் ஆறு மடங்கு. 240-ஐ 45-ஆல் வகுத்தால் ஐந்தரை ஓமுக்கும் குறைவு. தண்டு நின்றதும் முப்பது ஓமில் பெரும்பகுதி மாயமாகிவிட்டது, தண்டு சுழன்றால் திரும்ப வந்துவிடுகிறது. திருடன் வீட்டுக்குள்ளேதான் இருந்திருக்கிறான்.

ஜாம் ஆகும்போது ஏன் கருகுகிறது என்பதற்கு ஜேம்ஸ் ஜூலிடம் போக வேண்டும். சால்ஃபோர்டில் பீர் காய்ச்சும் குடும்பத்துப் பிள்ளை. தண்ணீரில் கம்பிச் சுருளை அமிழ்த்தி, எவ்வளவு சூடேறுகிறது என்று அளந்து, வெப்பம் ஓட்டத்தின் வர்க்கத்தையும் மின்தடையையும் பெருக்கிய அளவுக்கு ஏற்ப வருகிறது என்று 1841-இல் அச்சிட்டார். நம் மோட்டார் ஒழுங்காக ஓடும்போது மூன்று காயிலிலும் சேர்த்து 7.5-இன் வர்க்கம் பெருக்கல் 2 பெருக்கல் 3, அதாவது 337 வாட் வெப்பம். ஜாம் ஆனால் 45-இன் வர்க்கம், 12,150 வாட். ஆறு மடங்கு ஓட்டம், முப்பத்தாறு மடங்கு வெப்பம். பத்துக்கும் மேற்பட்ட அயர்ன் பாக்ஸ் ஒரு மோட்டார் வயிற்றுக்குள்!

முப்பதைப் பிடித்தாயிற்று, ஆனால் பங்கு பிரிக்க வேண்டும். நம்மூர் மோட்டார் ஜேகோபியின் மோட்டார் அல்ல, மாறுதிசை மின்சாரத்தில் ஓடும் தூண்டல் மோட்டார். 1888-இல் டெஸ்லாவும் ஃபெராரிஸும் தனித்தனியே உலகுக்குக் காட்டியது. மாறுதிசையில் காயில் தன் காந்தத்தாலும் ஓட்டத்தைத் தடுக்கும். தந்தி வேலையை இளம் வயதிலேயே விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து எழுதிய ஆலிவர் ஹெவிசைடு, 1886-இல் இந்த மொத்தத் தடுப்புக்கு ஒரு தனிப்பெயர் கொடுத்தார். நாம் மின்னெதிர்ப்பு என்கிறோம். அதைச் சாதாரண வகுத்தல் பெருக்கல் போலவே கையாளும் வழியை 1893-இல் கென்னலியும் சிகாகோ மாநாட்டில் ஸ்டைன்மெட்ஸும் தந்தார்கள். அந்த வழியைப் படமாக வரைந்தால் ஒரு செங்கோண முக்கோணம். ஐ.டி.ஐ. நோட்டு முக்கோணத்துக்குப் பக்கத்தில் இதையும் வரைந்திருக்கலாம் என்பது என் மனத்தாங்கல்.

திறன் காரணி, அதாவது வோல்ட்–ஆம்பியர் பெருக்கலில் உண்மையான வாட்டின் பங்கு, 0.82 என்று எடுத்துக்கொண்டு அந்த முக்கோணத்தில் 32 ஓமைப் பிரித்தேன். படுக்கைக் கோட்டில் 32 பெருக்கல் 0.82, 26.2 ஓம். நிமிர்ந்த கோட்டில் 18.3 ஓம், இது காந்தப்புலத்தின் பங்கு. படுக்கைக் கோட்டின் 26.2-இல் தாமிரத்துக்கு 2. மிச்சம் 24.2. இது மின்தடை மாதிரி நடிக்கிற வேலை. சரிபார்க்கலாம்: 7.5-இன் வர்க்கத்தை 24.2-ஆலும் 3-ஆலும் பெருக்கினால் ஏறத்தாழ 4090 வாட். தண்டில் 3700 வாட் தண்ணீர் இறைக்கப் போகிறது, 390 வாட் இரும்பிலும் சுழலியிலும் உராய்விலும் கரைகிறது. கணக்கு நேராயிற்று. 24-ஐயும் 18-ஐயும் கூட்டினால் 42 ஆகிறதே என்று கேட்கக் கூடாது. செங்குத்தாக நிற்பவற்றை அப்படிக் கூட்ட முடியாது. 32-இலிருந்து 2-ஐக் கழித்து முப்பது என்று சொல்வதும் அந்தக் காரணத்தால் சந்தைக் கணக்குத்தான்.

'வோல்ட் எறங்குனா ஆம்ஸ் ஏறும்' என்பதன் ரகசியமும் இதற்குள்ளேயே இருக்கிறது. கிணற்று ஆழம் மாறுவதில்லை, இறைக்க வேண்டிய வேலையும் மாறுவதில்லை. 415 வோல்ட் 350 ஆனால் அதே வேலைக்கு மோட்டார் 7.5-க்குப் பதில் 8.9 ஆம்பியர் இழுக்கிறது. காயிலில் வெப்பம் நாற்பது விழுக்காடு கூடுகிறது.

சரி, 415 ஏன் 350 ஆகிறது? இந்த மாவட்டத்து மின்சாரத்தின் ஆதி ஊற்று பாபநாசம். நீர்மின் நிலையங்களில் பைக்காரா 1932, மேட்டூர் 1937, அதன்பின் தாமிரபரணியில் பாபநாசம் 1944. பாபநாசத்தின் இயந்திரம் ஒன்று தொடக்கத்தில் 7 மெகாவாட். அதை 415 வோல்ட்டிலேயே அனுப்ப நினைத்தால் 9,700 ஆம்பியருக்கு மேல் வேண்டும். பைக்காராவிலிருந்து கோயம்புத்தூருக்குக் கொண்டுபோன 66,000 வோல்ட்டில் 61 ஆம்பியர் போதும். கம்பியில் வீணாகும் வெப்பம் ஓட்டத்தின் வர்க்கம் என்பதால், வித்தியாசம் இருபத்தையாயிரம் மடங்கு. ஆனால் டிரான்ஸ்ஃபார்மரைத் தாண்டித் தோட்டத்துக்குள் நுழைந்ததும் மறுபடி 415-தான். 'வீசல்' ரக அலுமினியக் கம்பிக்குக் கிலோமீட்டருக்கு 0.9 ஓம் அளவில் மின்தடை. அரைக் கிலோமீட்டர் தள்ளி, கடைசிக் கம்பத்தில் பத்து மோட்டார் ஓடினால் 75 ஆம்பியர் பெருக்கல் 0.45 ஓம்: 34 வோல்ட் வழியிலேயே போய்விடுகிறது. 240-இல் 206-தான் மிச்சம், முனைகளுக்கிடையே 357. அழுத்தம் குறைய மோட்டார்கள் கூடுதல் ஆம்பியர் இழுக்க, அதனால் அழுத்தம் இன்னும் குறைகிறது.

இங்கேதான் கெப்பாசிட்டர் வருகிறது. காந்தத்துக்கு வேண்டிய பங்கை டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து இழுக்காமல் மோட்டார் பக்கத்திலேயே கொடுப்பது அதன் வேலை. மூன்று காயிலுக்கும் சேர்த்து வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் நம் மோட்டார் 5400 காட்டுகிறது, உண்மையில் எடுப்பது 4428 வாட். 2 கே.வி.ஏ.ஆர். கெப்பாசிட்டர் ஒன்று போட்டால் பெருக்கல் 4560-க்கு இறங்கும், கம்பியில் ஓடுவது 6.3 ஆம்பியர். பத்து மோட்டாருக்கும் போட்டால் வழியில் போவது 34 வோல்ட்டிலிருந்து 28 ஆகும்.

கடைக்காரருக்கு இதில் ஒரு சந்தேகம் இருந்தது. கெப்பாசிட்டர் போட்ட பிறகும் டாங் டெஸ்டரில் தான் பார்த்தபோது ஆம்ஸ் குறையவே இல்லை என்றார். டெஸ்டரை எங்கே மாட்டினீர்கள் என்று கேட்டேன். மோட்டார் வயரில் என்றார். கம்பத்திலிருந்து வரும் வயரில் மாட்டினால் 6.3 காட்டும், கெப்பாசிட்டரைத் தாண்டி மோட்டாருக்குள் போகிற வயரில் அதே 7.5-தான், ஏனென்றால் காயிலுக்கு வேண்டிய காந்தம் குறையவில்லை, அது வருகிற இடம்தான் மாறியிருக்கிறது.